முள் நேரா நிக்கணும்

மார்ச் 4, செவ்வாய்

வண்டி வந்துவிட்டது. ஏழு மாசமாகப் பட்டறை மூலையில் துணி போர்த்திக் கிடந்த என் சிவப்பு வண்டி, இன்று சாயங்காலம் அஞ்சு மணிக்கு யாரும் இழுக்காமல் தானே ஓடி வீட்டுக்கு வந்தது. எஞ்சினை மெக்கானிக் அடியோடு பிரித்துக் கட்டியிருக்கிறார். டர்போ புத்தம் புதுசு. முதல் ஆயிரம் கிலோமீட்டர் அழுத்தி மிதிக்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன். பாலம் தாண்டினதும் ஒரே ஒரு தடவை மிதித்தேன். ஒரு நொடி ஒன்றுமில்லை. அப்புறம் டர்போ விசில் கிளம்பி, முதுகில் கை வைத்து யாரோ தள்ளின மாதிரி— ஆஹா. நாற்பத்தேழு வயசு ஆள் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தால் பக்கத்து வண்டிக்காரன் என்ன நினைப்பான்? நினைக்கட்டும்.

என் மனைவி வாசலில் வந்து நின்று பார்த்தாள். கையைக் கட்டிக்கொண்டு. "அழகாத்தான் இருக்கு" என்றாள். வா, ஒரு ரவுண்டு போகலாம் என்றேன். அடுப்பில் பால் இருக்கிறதாம். நம்பர் பிளேட் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது போல, குனிந்து அதை மட்டும் நேராக்கிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 5, புதன்

அடுப்பில் பால் இல்லை. எனக்குத் தெரியாதா என்ன.

போன ஆகஸ்ட்டில் அவளுடைய அண்ணன் வீட்டிலிருந்து திரும்பி வரும்போது, "ஏதோ சிவப்பா எரியுதே" என்றாள். நான் பார்த்துவிட்டு, "அது அப்படித்தான், வளைவுல எரியும், அணைஞ்சுடும்" என்றேன். பெரிய நிபுணர் மாதிரி. மூணே நிமிஷம். உள்ளே சுத்தியலால் அடிக்கிற மாதிரி நாலு அடி, அதோடு சரி. ஆயில் இல்லாமல் பேரிங் தேய்ந்து, பிஸ்டன் கம்பி வளைந்து, எஞ்சின் குளோஸ். ரெண்டு மணி நேரம் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் இழுவை வண்டியில் டிரைவருக்கும் எனக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு வந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனம் தாங்காமல் நான்தான் வாயை விட்டேன். இன்னொரு எஞ்சின் போச்சுன்னா என் கையாலேயே வண்டியை வித்துடுறேன், சத்தியம் என்றேன். அவள் கேட்கவே இல்லை! நானாகச் சொன்னது. அவள் "சரி" என்றாள். அவள் "சரி" என்றால் அது கல்வெட்டு.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. நாள் பூரா "நேரா நில்லுங்க, மூச்சை இழுங்க, அடக்குங்க" என்று சொல்லிச் சொல்லி, உலகமே நேராக நிற்க வேண்டும் அவளுக்கு. பேங்கில் வரிசையில் நிற்கும்போது சுவர்க் காலண்டரை நேராக்குவாள். அடுத்தவர் வீட்டுப் படத்தை நேராக்குவாள். ஒருமுறை தன் மேலதிகாரியின் மூக்குக் கண்ணாடியையே நேராக்கியிருக்கிறாள்.

சரி. நான் சொல்ல வந்தது— இந்த எஞ்சின் சாகக் கூடாது. அதற்கு மீட்டர் வேண்டும். நல்ல மீட்டர்.

மார்ச் 7, வெள்ளி

வேலை ஓடவில்லை. என் வேலை பொய்ப் பல் செய்வது. மெழுகில் கடைவாய்ப் பல் ஒன்றைச் செதுக்கிக்கொண்டிருந்தவன், பார்த்தால் அதன் தலையில் வட்டம் போட்டு முள் வரைந்து வைத்திருக்கிறேன். யாரோ ஒரு அம்மா, பாவம், இந்தப் பல்லை வைத்து வாழ்நாளெல்லாம் மெல்லப் போகிறார். அழித்துவிட்டு மறுபடி செதுக்கினேன்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போனில் பார்த்ததெல்லாம் மீட்டர்தான். டர்போ எவ்வளவு காற்றை அமுக்குகிறது என்று காட்டும் பூஸ்ட் மீட்டர். ஆயில் அழுத்தம். ஆயில் சூடு. புகைக் குழாய்ச் சூடு. காற்றும் பெட்ரோலும் சரியாகக் கலக்கிறதா என்று காட்டுவது ஒன்று. வெள்ளை முகம், கறுப்பு முகம், சிவப்பு முள், நீல வெளிச்சம்... ஐயோ, எனக்கு எல்லாம் வேண்டும். ஆசை யாரை விட்டது.

ஆனால் முன் கண்ணாடி ஓரத் தூணில் ஒட்டுகிற மீட்டர் கூட்டில் ரெண்டே ரெண்டு துளை.

மார்ச் 9, ஞாயிறு

மச்சான் வீட்டுக்குப் போனேன், அவளுடைய அண்ணன். தாடி இடுப்பு வரை, வண்டியில் மீட்டர் ஏழு. ஓட்டுநர் சீட்டில் உட்கார வைத்து ஒவ்வொன்றாக அறிமுகம் செய்து வைத்தார். ஏழும் ஒரே நேரத்தில் ஆடுகின்றன. எதைப் பார்ப்பது? எல்லாத்தையும் ஓட்டும்போது பார்ப்பீங்களா மச்சான் என்று கேட்டேன். "மாப்ளே, நான் அதைப் பாக்குறதுக்கு வெக்கல. அது என்னைப் பாக்குறதுக்கு வெச்சிருக்கேன்" என்றார். இவர் ஒருத்தர்.

முப்பதாம் தேதி அவருடைய கிளப்பில் மலை ஏறுகிறார்களாம். பந்தயம் கிந்தயம் இல்லை, குடும்பத்தோடு வரிசையாக ஏறி, மேலே சாப்பிட்டுவிட்டு இறங்குவது. தங்கச்சியையும் கூட்டிட்டு வாங்க என்றார். அவர் தங்கச்சியைத் தெருமுனை வரைக்கும்கூட என்னால் கூட்டிப்போக முடியவில்லை என்பதை எப்படிச் சொல்ல.

வீட்டில் மெதுவாகப் பேச்சை எடுத்தேன், மீட்டர் போடப் போகிறேன் என்று. வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்றாள். அவ்வளவுதான். கோபம் வந்தது எனக்கு. வந்து என்ன? உண்மைதானே.

மார்ச் 10, திங்கள்

பூஸ்ட் மீட்டர் கட்டாயம். இதில் பேச்சே இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

பேச்சு இருக்கிறது.

மெக்கானிக்குக் 'கொஞ்சம்பொறு' என்றுதான் ஊரில் பேர். எதைக் கேட்டாலும் "கொஞ்சம் பொறுங்க" என்று தொடங்குவார். என் வயசுதான், என்னைவிட இருபது வயசு நிதானம். பட்டியலை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தார். கொஞ்சம் பொறுங்க என்றார். பிறகு ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரே கேள்வி: "ஓட்டிட்டு இருக்கும்போது இந்த முள் விழுந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?" பதில் இல்லாத மீட்டர் வேண்டாமாம்.

புகைக் குழாய்ச் சூடு. தெரியாது என்றேன். கோடு போட்டு அடித்தார். ஆயில் சூடு. மெதுவாகப் போவேன் என்றேன். யோசித்துவிட்டு அதையும் அடித்தார், நீங்க மெதுவாப் போறது நடக்கிற காரியமா என்று. கலவை மீட்டர். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுப்பேன். இது நல்ல பதிலாம், வைத்துக்கொண்டார். ஆயில் அழுத்தம். உடனே எஞ்சினை அணைப்பேன். அதன் மேல் பெரிய வட்டம் போட்டார். டேஷ்போர்டில் வண்டியோடு வந்த சிவப்பு லைட் இருக்கிறதே என்று இழுத்தேன். அழுத்தம் முக்கால்வாசி போன பிறகுதான் அது எரியுமாம். "யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னேன்னு சொல்வாங்க. அந்த லைட்டு, யானை மிதிச்ச அப்புறம் அடிக்கிற மணி" என்றார்.

கடைசியில் பூஸ்ட். முள் விழுந்தால் என்ன செய்வீர்கள்? ரொம்ப நேரம் யோசித்தேன். "வருத்தப்படுவேன்" என்றேன். மனுஷன் சிரித்து நான் பார்த்ததே இல்லை, இன்று பார்த்தேன்.

மார்ச் 12, புதன்

ஆயில் அழுத்தம் உறுதி. ரெண்டாவது துளைக்குக் கலவையா, பூஸ்டா? புத்தி கலவை என்கிறது. புத்தி சொன்னதை நான் எப்போது கேட்டிருக்கிறேன்?

மார்ச் 13, வியாழன்

பூஸ்ட்தான். ஒன்று எஞ்சினுக்கு, ஒன்று எனக்கு. கொஞ்சம்பொறுவிடம் சொன்னேன். பெருமூச்சு விட்டுவிட்டு, டர்போ அளவுக்கு மீறி ஊதினாலும் அதில் தெரியும், அதனால் போகட்டும் என்று அனுமதி கொடுத்தார். அந்த அளவை எழுதிக் கொடுத்து, முள் இதைத் தாண்டினால் காலை எடுங்க என்றார். ஆக, எனக்கும் ஒரு பதில் கிடைத்துவிட்டது!

எண் காட்டும் மீட்டரா, முள் மீட்டரா என்று இன்னொரு பாடு. எண் மீட்டர் பார்க்க ஜோராக இருக்கிறது, கடையில் கையில் வாங்கிப் பார்த்தேன். பார்த்தேன் என்றா சொன்னேன்? ஒரு மண்ணும் தெரியவில்லை. கிட்டப் பார்க்கிற கண்ணாடியை மாட்டினால் எண் தெரிகிறது, ரோடு தெரிய மாட்டேன் என்கிறது. கழற்றினால் ரோடு தெரிகிறது, எண் பஞ்சாகிவிடுகிறது. முள்தான் நமக்கு. முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்குக் கண்ணாடி வேண்டாம். கறுப்பு முகம், ஆரஞ்சு முள். அப்பாடா.

மார்ச் 15, சனி

பார்சல் வந்தது. வேலையிடத்துக்கே வரவழைத்திருந்தேன். பல் அச்சுகளுக்கு நடுவில் ரெண்டு மீட்டரையும் வைத்து நூறு தடவை பார்த்தேன். கூடவே சென்சார் ஒன்றும் வந்திருக்கிறது, கைக்குள் அடங்குகிற இரும்புக் குமிழ், ஆனால் நல்ல கனம். அதுதான் எஞ்சினோடு ஒட்டி நின்று ஆயில் அழுத்தத்தை மீட்டருக்குச் சொல்லும். கொஞ்சம்பொறு போனில் ஒன்றுதான் சொன்னார். சென்சாரை எஞ்சின் மேல் நேராகத் தொங்கவிடாதீர்கள், எஞ்சின் ஆடும். ஒரு முழ நீளத்துக்கு ஹோஸ் குழாய் போட்டு, சென்சாரை ஓரத்தில் பாடியோடு கட்டிவிட வேண்டும், ஹோஸ் அடுத்த வாரம் வரும், வந்ததும் நானே பொருத்தித் தருகிறேன், கொஞ்சம் பொறுங்க.

அடுத்த வாரமா!

மார்ச் 16, ஞாயிறு

நானே பொருத்திவிட்டேன். காலை எட்டிலிருந்து சாயங்காலம் நாலு வரை. முழங்கையில் ரெண்டு சிராய்ப்பு, ஒரு போல்ட் எஞ்சின் இடுக்கில் எங்கேயோ விழுந்து ஒரு மணி நேரம் தேடி எடுத்தேன். எஞ்சினில் சிவப்பு லைட்டுக்கான சுவிட்ச் இருக்கும் துளையில் ஒரு பித்தளை இணைப்பு, அதில் ஒரு பக்கம் சுவிட்ச், இன்னொரு பக்கம் சென்சார். ஹோஸ் வரும்வரை சென்சார் அப்படியே தொங்கட்டும், ஒரு வாரந்தானே.

சாவியைத் திருப்பினேன். ஆரஞ்சு முள் எழுந்தது. எழுந்து நின்றது! அப்போது நான் போட்ட சத்தத்தில் அவள் சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். கையை ஆட்டினேன். கரண்டியை ஆட்டினாள்.

மார்ச் 19, புதன்

இன்று ஒரு வித்தை கற்றேன். பந்தயக்காரர்கள் செய்வதாம், கொஞ்சம்பொறு சொன்னார். எஞ்சின் சூடாகி நன்றாக ஓடும்போது என் முள் நாலில் நிற்கிறது. பத்து வரை போகும் மீட்டர், அதனால் நாலு என்பது கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்த இடம். மீட்டரையே கூட்டுக்குள் கொஞ்சம் திருப்பிவிட்டால், நாலு உச்சியில் வந்துவிடும். எண்களெல்லாம் சாய்ந்துபோகும், போகட்டும், யார் படிக்கிறார்கள்? முள் நேராக நின்றால் எல்லாம் நலம். இடப்பக்கம் விழுந்தால் எஞ்சினை அணை. குளிர்ந்த எஞ்சினில் ஆயில் கெட்டியாக இருக்கும், அதனால் காலையில் வலப்பக்கம் நன்றாகச் சாய்ந்து நிற்கும். சூடேறச் சூடேற மெல்ல எழுந்து நேராகும்.

எனக்கென்றே கண்டுபிடித்த வித்தை. ரப்பர் வளையத்தில்தான் மீட்டர் உட்கார்ந்திருக்கிறது, கையாலேயே திருப்பினேன். ரப்பர் பிடிப்பு போதுமா, ஒட்டிவிடலாமா என்று யோசித்தேன். யார் தொடப் போகிறார்கள்?

மார்ச் 21, வெள்ளி

மச்சான் வந்தார், சாய்ந்த மீட்டரைப் பார்த்துவிட்டு, "ஆடத் தெரியாதவன் கூடம் கோணல்னானாம். உங்களுக்கு நெசமாவே கோணல்தான் மாப்ளே" என்றார். விளக்கினேன். வாயைப் பிளந்துவிட்டார். வேலையிடத்தில் எல்லோருக்கும் விளக்கினேன். பார்சல் கொண்டுவருகிறவருக்குக்கூட விளக்கினேன்.

அவளுக்கு விளக்கவில்லை. அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

மார்ச் 24, திங்கள்

ஹோஸ் வந்துவிட்டதாம். மலைக்குப் போய் வந்து பொருத்திக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நன்றாகத்தானே ஓடுகிறது.

மார்ச் 26, புதன்

வருகிறாள்! சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்றாள். எங்கே என்று கேட்டேன், மடையன் மாதிரி. அண்ணி போன் செய்தாளாம், நீ வராவிட்டால் நானும் போகமாட்டேன் என்றாளாம். காரணம் அண்ணியாகவே இருக்கட்டும். ரெண்டாவது தோசைக்கு— இல்லை, அது மூணாவது ரொட்டி, என்ன சாப்பிட்டேன் என்றே நினைவில்லை.

மார்ச் 29, சனி

வேலை முடிந்து வந்தபோது வண்டிக் கதவு திறந்திருந்தது. உள்ளே அவள், ஈரத் துணியோடு. சீட்டுக்கு அடியில், கதவு இடுக்கில், கண்ணாடித் தூண் பக்கம், எல்லாம் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏழு மாசத்தில் முதல் தடவை அந்த வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறாள். கிட்டே போனால் கலைந்துவிடுவாளோ என்று மதிலுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். சொன்னால் வெட்கம், கண் கலங்கிவிட்டது.

மார்ச் 30, ஞாயிறு

வரிசையாக எழுத முயல்கிறேன்.

ஏழு மணிக்குக் கிளம்பினோம். பக்கத்து சீட்டில் அவள், மடியில் சாப்பாட்டுப் பை. காலையில் முள் வழக்கம்போல் முழுசாக வலப்பக்கம் சாயவில்லை, லேசாகத்தான் சாய்ந்தது. வெயில் காலம், ஆயில் சீக்கிரம் இளகிவிட்டது என்று நினைத்தேன். முன்னால் மச்சான் வண்டி, பின்னால் நாங்கள். மலை அடிவாரத்தில் ஒரு நேர் ரோடு, மெல்ல மிதித்தேன். விசில் கிளம்பிற்று. அவள் சீட்டைப் பிடித்துக்கொண்டாள், பிறகு சிரித்தாள். சத்தியமாகச் சிரித்தாள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஏற்றம் தொடங்கி நாலாவது வளைவில் தற்செயலாக மீட்டரைப் பார்த்தேன். முள் இடப்பக்கம் விழுந்திருந்தது.

முள்ளு விழுந்திருச்சு, முள்ளு விழுந்திருச்சு என்று கத்தினேன். அவள் குனிந்து பார்த்து, "நாலுன்னுதானே காட்டுது?" என்றாள். நாலோ எட்டோ, விழுந்திருச்சும்மா என்று கத்திக்கொண்டே எஞ்சினை அணைத்து, உருண்டபடியே வண்டியை ஓரங்கட்டினேன். அணைத்துவிட்டால் ஸ்டியரிங் கல்லாகிவிடும் என்று தெரியும், இவ்வளவு கனக்கும் என்று தெரியாது. நின்றது. போச்சு, எல்லாம் போச்சு, என் வாயாலேயே கெட்டேன், நாளைக்கே வண்டியை விற்க வேண்டும் என்று மனசுக்குள் ஓடியது.

அவள்தான் முதலில் மோந்து பார்த்தாள். "என்னமோ கருகுது" என்றாள்.

பானெட்டைத் திறந்தேன். புகை. எஞ்சின் பக்கவாட்டெல்லாம் ஆயில், சூடான குழாயில் சொட்டிச் சொட்டிப் பொசுங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினேன். அந்தப் பித்தளை இணைப்பில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல். சென்சாரைத் துணியால் பிடித்து லேசாக அசைத்தேன். இணைப்பு முறிந்து சென்சாரோடு கையில் வந்துவிட்டது.

முன்னால் போன மச்சான் திரும்பி வந்து பார்த்தார். தாடியைத் தடவிக்கொண்டே நின்றார். எஞ்சின் ஓடும்போது இது முறிந்திருந்தால் ஆயில் மொத்தமும் ஒரு நிமிஷத்தில் ரோட்டில் ஊற்றியிருக்கும் என்றார். ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தோம். குறைந்திருக்கிறது, ஆனால் இருக்கிறது. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை! மீட்டர் காப்பாற்றிவிட்டது! மலையே அதிரக் கத்தினேன். பின்னால் வந்த ஒவ்வொரு வண்டிக்காரரும் நிறுத்தி விசாரித்தார்கள், ஒவ்வொருவருக்கும் சாய்ந்த முள்ளின் மகிமையை முதலிலிருந்து சொன்னேன்.

இழுவை வண்டியில் மறுபடியும் டிரைவருக்கும் எனக்கும் நடுவில் அவள். பாதி வழியில் குலுங்கினாள். அழுகிறாளோ என்று பார்த்தால் சிரிக்கிறாள். "இந்த சீட்டை எனக்கே எழுதி வெச்சிருக்காங்க போல" என்றாள்.

மார்ச் 31, திங்கள்

எங்கே போய் முட்டிக்கொள்வது.

கொஞ்சம்பொறு புது இணைப்பு மாட்டி, ஹோஸ் போட்டு, சென்சாரைப் பாடியோடு கட்டினார். ஆயில் ஊற்றி எஞ்சினை ஓட்டினார். சூடாகும்வரை காத்திருந்து, ரோட்டில் ஓடுகிற வேகத்துக்கு ஆக்ஸிலேட்டரை அழுத்திப் பிடித்தார். முள் இடப்பக்கமே நின்றது. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் பொறுங்க. நீங்க மீட்டரைச் சாய்ச்சுல்ல வெச்சிருந்தீங்க? இப்ப நேரா இருக்கே" என்றார்.

கண்ணாடியை மாட்டிப் பார்த்தேன். எண்களெல்லாம் ஒழுங்காக, நேராக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நிற்கின்றன. முள் நாலில். அழுத்தம் குறையவே இல்லை! நேற்றும் நாலுதான். அவள் சொன்னாளே, நாலுன்னுதானே காட்டுதுன்னு. சொன்னாளே.

விரிசல் கொஞ்சமாகக் கசிந்தால் அழுத்தம் குறையாது என்கிறார். முறிந்த பிறகுதான் முள் விழுந்திருக்கும், அப்போது எல்லாம் முடிந்திருக்கும். முறிந்ததற்குக் காரணம்? கனமான சென்சாரை ஒரு துண்டுப் பித்தளையில் தொங்கவிட்டது. "வேலியே பயிரை மேஞ்ச கதை சார். எஞ்சினைக் காப்பாத்த வாங்கினது எஞ்சினைக் கொல்லப் பாத்துச்சு" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகச் சொன்னார்.

நான் என்ன தொழில் செய்கிறேன்? ஒரு பல்லை மட்டும் நம்பிப் பக்கத்தில் இன்னொரு பல்லைத் தொங்கவிட்டால் தாங்குகிற பல் முறியும். இருபத்திரெண்டு வருஷமாக டாக்டர்களுக்கே நான் போன் செய்து சண்டை போடுகிற விஷயம் இது. எனக்கு இது தெரியாதா? தெரியும். ஒரு வாரம் பொறுக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 31, சாயங்காலம்

கேட்டேன். மீட்டரை நீ தொட்டியா என்று. குரல் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது.

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "ஆமா. துடைக்கும்போது பாத்தேன், கோணலா இருந்துச்சு. நேராக்கினேன்." பிறகு, "ஏன், தப்பா?"

கோபப்பட வாயைத் திறந்தேன். அவள் நேராக்கியிருக்காவிட்டால் நாலாவது வளைவில் முள் நேராகவே நின்றிருக்கும், நானும் விசிலடித்துக்கொண்டு மேலே ஏறியிருப்பேன், அஞ்சாவது வளைவிலோ ஆறாவதிலோ இணைப்பு முறிந்திருக்கும். போன தடவை அவள் பேச்சைக் கேட்காததால் எஞ்சின் போனது. இந்தத் தடவை அவள் பேச்சைக் கேட்காததால் எஞ்சின் பிழைத்தது. இதை மட்டும் அவளிடம் எப்படிச் சொல்ல?

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். முள்ளை ஏன் சாய்த்தேன், சென்சாரை எப்படித் தொங்கவிட்டேன், கொஞ்சம்பொறு வேண்டாம் என்று சொல்லியும் செய்தேன், ஹோஸ் வந்த பிறகும் போடவில்லை. மலையில் நான் அடித்த தம்பட்டமெல்லாம் வெறும் காற்று. நீ உள்ளே உட்கார்ந்திருக்கும்போது, அந்த மலையில், நான்—

ஒரு சட்டையை மடித்து வைத்தாள். இன்னொன்றை மடித்தாள். வண்டியை வித்துடட்டுமா என்று கேட்டேன். நிஜமாகவே கேட்டேன்.

"எஞ்சின் போனா வண்டிய விக்கிறதாத்தானே சத்தியம்?" என்றாள். "எஞ்சின் போகலையே. புருஷன் மடையனா இருந்தா விக்கணும்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, அப்பவே வித்திருக்கலாம்."

ஏப்ரல் 1, செவ்வாய்

மச்சானுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். முட்டாள்கள் தினம், நம்பமாட்டேன் என்கிறார்.

ஏப்ரல் 3, வியாழன்

மீட்டரை மறுபடி சாய்த்து வைக்கப் போனேன், பசையும் எடுத்துக்கொண்டு. அவளும் பின்னால் வந்தாள். பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தால் தனக்கு எண் கண்ணாடி இல்லாமலே தெரிகிறது என்றாள். அப்புறம், "இதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி வெச்சா என்ன?" என்றாள்.

பசை மூடியைத் திரும்பப் போட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கொஞ்சம்பொறு பட்டறையில் அரை நாள். ஒயர் நீளம் போதவில்லை, சேர்த்தோம். ஆயில் மீட்டர் இப்போது அவள் சீட்டுக்கு எதிரே, டேஷ்போர்டில், தனிக் கூட்டில். எண்கள் நேராக. வைக்கும்போது அவளே அருகில் நின்று, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம், போதும், மூச்சை அடக்குங்க என்றாள். கொஞ்சம்பொறு நிஜமாகவே மூச்சை அடக்கினார்.

தூணில் காலியான துளைக்குக் கலவை மீட்டர் வாங்கலாம் என்று சொன்னேன். முள் விழுந்தா என்ன பண்ணுவீங்க என்று அவள் கேட்டாள். கொஞ்சம்பொறு என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவளுக்கு இந்தக் கேள்வியை யார் சொல்லிக் கொடுத்தது?

ஏப்ரல் 9, புதன்

முள் வரைந்து அழித்தேனே, அந்தக் கடைவாய்ப் பல் டாக்டரிடமிருந்து திரும்பி வரவில்லை. சரியாகப் பொருந்திவிட்டது போல.

ஏப்ரல் 12, சனி

அவளை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தேன். சிவப்பு வண்டியில். ஏறினதும் பெல்ட்டைப் போட்டாள், பையைக் காலடியில் வைத்தாள், மீட்டரைப் பார்த்தாள். "ஆறு" என்றாள். எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்றேன். போகப் போக, அஞ்சரை, அஞ்சு, நாலே கால் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். யாருக்கு என்ன எலும்பு உடைந்தது என்ற கதைகளுக்கு நடுவில்.

பெரிய சந்திப்பில் சிவப்பு விளக்கு, நின்றோம். "ரெண்டு" என்றாள்.

நின்றபடி எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அழுத்தம் இறங்கும். அது எனக்கு நன்றாகத் தெரியும், கொஞ்சம்பொறு நூறு தடவை சொல்லியிருக்கிறார். அது அப்படித்தான்.

எஞ்சினை அணைத்தேன். விளக்கு பச்சையாகி, பின்னால் ஹாரன் கிளம்பியது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, எதுக்கு அணைச்சீங்க என்றாள்.

"நீ ரெண்டுன்னு சொன்னியே" என்றேன்.

பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, எடுங்க" என்றாள்.

எடுத்தேன்.